கோடு வழியே எண்ணுவதா, எல்லை வரைவதா?

பிரிட்டனின் வயல்வெளிகளில் கூடுகட்டும் பறவைகளைக் கணக்கெடுக்க இரண்டு வழிகள் உண்டு. 1962-இல் தொடங்கிய பழைய கணக்கெடுப்பு, எல்லை வரைதலை, அதாவது ஒவ்வொரு பறவையும் தனக்கெனக் காக்கும் இடத்தை வரைபடத்தில் குறிப்பதை, நம்பியது. 1994 முதல் நடப்பது கோட்டுநடை, அதாவது குறித்த கோட்டில் நடந்தபடி பறவைகளை எண்ணுவது.

கோட்டுநடையில் ஒரு சதுர கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய இணையான இரண்டு கோடுகள். ஒவ்வொன்றும் 1 கி.மீ., 200 மீட்டர் வீதம் ஐந்து துண்டுகள். ஏப்ரல் முதல் மே நடுப்பகுதிக்குள் ஒருமுறை, ஜூன் இறுதிக்குள் மறுமுறை, இடையில் நான்கு வாரமாவது விட்டு, காலை 6-7 மணிக்குத் தொடங்கி நடக்க வேண்டும். பறவைகளைக் கோட்டிலிருந்து 25 மீட்டருக்குள், 25-100, 100-க்கு மேல், பறந்து கடப்பவை எனத் தனித்தனியே குறிக்க வேண்டும். தூரம் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்கப்படுவது. நிற்கும் இடத்திலிருந்து அளந்தால் எல்லாமே தப்பு. ஜூனில் திரியும் குஞ்சுகளைச் சேர்த்தால் எண்ணிக்கை ஊதிப்போகும். வளர்ந்தவை மட்டுமே கணக்கு.

எல்லை வரைதலுக்கு எட்டு முதல் பத்து முறை போக வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் புது வரைபடம், பறவை ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு புள்ளி. பிறகு இனவாரியாக எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் புள்ளிகள் கொத்துக் கொத்தாகச் சேரும். ஒரு கொத்து, ஓர் எல்லை. இரண்டு வானம்பாடிகள் ஒரே நேரத்தில் பாடினால் அவற்றைப் புள்ளிக்கோட்டால் இணைக்க மறக்கக் கூடாது, அவை வேறு வேறு பறவை என்பதற்கு அதுதான் சாட்சி. எப்போதும் ஒரே முனையிலிருந்து நடந்தால் மறுமுனைப் பறவைகள் பாடி ஓய்ந்திருக்கும். கூட்டமாக வாழும் சிட்டுக்குருவிக்கு இந்த முறை சரிவராது.

நாடு தழுவிய ஏற்ற இறக்கம் வேண்டுமானால் கோட்டுநடை. எந்த வேலிப்புதரை வெட்டக் கூடாது என்று சொல்ல எல்லை வரைபடம்தான் உதவும், உழைப்பு பலமடங்கு என்றாலும்.