கமோட் நாற்காலியா, வெஸ்டர்ன் டாய்லெட்டா?

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று முடிவானதும் எங்களுக்கு வந்த முதல் கவலை கழிப்பறைதான். வீட்டில் இருந்தது இந்திய முறைக் கழிப்பறை. செயற்கை மூட்டு வைத்தபின் குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கமோட் நாற்காலி என்பது இருக்கையில் ஓட்டையும் அடியில் வாளியும் உள்ள நாற்காலி. அன்றைக்கே வாங்கிவிடலாம், வாடகைக்கும் கிடைக்கும். கால்களில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் துளைகள் உண்டு. முழங்கால் இடுப்பைவிட மேலே போகாத உயரத்தில் வைத்தோம். கைப்பிடியை ஊன்றி எழ அம்மாவுக்குச் சுலபமாக இருந்தது. இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில் வாளியோடு போடலாம். பகலில் வாளியை எடுத்துவிட்டுப் பழைய கழிப்பறைப் பீங்கானுக்கு மேலேயே நிறுத்தலாம். முதல் சில வாரங்களுக்கு இதுதான் சரி. ஆனால் காலடி ரப்பரைத் தினமும் பாருங்கள். தேய்ந்துபோனால் ஈரத் தரையில் வழுக்கும்.

வெஸ்டர்ன் டாய்லெட் நிரந்தரம். ஆனால் தரையை உடைக்க வேண்டும், சிமென்ட் காய வேண்டும். காயம் ஆறும் வீட்டில் அந்தத் தூசி வேண்டவே வேண்டாம். கட்டுவதானால் அறுவை சிகிச்சைக்கு முன்பே கட்டிவிடுங்கள். அப்படியே சுவரில் கைப்பிடிக் கம்பியும் பதியுங்கள். துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது.

எங்களுக்கு நேரம் இல்லை, நாற்காலியில் தொடங்கினோம். காலையில் நான் வாளியை எடுக்கும்போதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்த்துத்தான், மூன்று மாதம் கழித்து அவர் அக்கா வீட்டுக்குப் போன வாரத்தில் கொத்தனாரைக் கூப்பிட்டேன்.