ஈஎல்எம்327 யூஎஸ்பி அடப்டர்: காரை மடிக்கணினியோடு இணைத்துப் பார்த்தபின்

எங்கள் கார் 2012இல் ஜப்பானில் தயாரானது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது என்பதால், கொழும்பில் பலரையும் போல நாங்களும் கையிலிருப்பதைக் கவனமாகப் பேணியே காலந்தள்ளினோம். அண்மையில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது, ஸ்கேன் செய்வதற்கென்றே கராஜுக்கு மீண்டும் மீண்டும் பணம் கொடுக்க மனமில்லாமல், காரின் எஞ்சின் கணினியிலுள்ள பழுதுக் குறியீடுகளையும் தரவையும் மடிக்கணினியில் வாசிக்க உதவும் இந்த அடப்டரைப் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் 4,800 ரூபாவுக்கு வாங்கினேன். கைபேசிக்கான புளூடூத் வகை இதைவிட மலிவு. ஆனால் தொடர்பு அறாமல் அரைமணி நேரத் தரவைப் பதிந்து, பெரிய திரையில் ஆராய வேண்டும் என்பதற்காக வயருள்ளதையே தேர்ந்தேன்.

காரோடு இணைப்பது ஒரு வேலையே அல்ல. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைச் சொக்கெட்டில் அது ஒரு பக்கமாக மட்டுமே பொருந்தும். பாடு முழுவதும் கணினிப் பக்கத்தில்தான். கூடவே தந்த சிறிய சீடியைப் போட என் மடிக்கணினியில் இடமே இல்லை; நண்பர் ஒருவரின் கணினியில் பிரதி எடுத்து நிறுவியபோதும், டிவைஸ் மனேஜரில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி அப்படியே நின்றது. மூடியைக் கழற்றிப் பார்த்த பிறகுதான், சீடியில் இருந்தது எஃப்டிடிஐ என்ற யூஎஸ்பி இணைப்புச் சில்லுக்கான டிரைவர் என்பதும், உள்ளே இருந்தது சிஎச்340 என்ற வேறொரு யூஎஸ்பி சில்லு என்பதும் புரிந்தன. சரியான டிரைவரை நிறுவியதும் கொம்3 என்ற போர்ட் தோன்றியது. மென்பொருளில் அதே போர்ட்டையும் 38400 என்ற வேகத்தையும் தெரிவுசெய்து, சாவியை ‘ஒன்’ நிலைக்குத் திருப்பியபோது கார் பதில் சொன்னது. இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் அடப்டர் செத்துவிட்டதாகவே தோன்றும். அவசரப்பட்டுக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்.

எந்தப் பெரிய மென்பொருளையும் திறப்பதற்கு முன், கட்டளைகளைத் தட்டி அனுப்பும் ஒரு டேர்மினல் மென்பொருள் வழியாக அடப்டரோடு நேரடியாகப் பேசிப் பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன். ‘ஏடிஇசட்’ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் அடப்டர் தன் பெயரையும் பதிப்பையும் சொல்லும். ‘ஏடிஆர்வி’ என்றால் பற்றரியின் வோல்டேஜைச் சொல்லும். ‘010சி’ என்று கேட்டபோது வந்த விடையின் கடைசி இரண்டு பைட்டுகள், பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், 0பி, பி8. அதைப் பதின்ம எண்ணாக்கினால் 3000, நான்கால் வகுத்தால் 750. நின்றபடி ஓடும் எஞ்சினின் ஒரு நிமிடச் சுழற்சி அதுதான். அந்தக் கணக்கு சரியாக வந்த கணத்தில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

பழுதுக் குறியீடு பி0128: குளிரூட்டும் நீர் உரிய வெப்பநிலையை எட்டவில்லை. எங்கள் காரில் வெப்பமானி முள் இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டுமே என்பதால், இதை வேறு வழியில் அறிந்திருக்கவே முடியாது. காலி வீதி நெரிசலில் 80 பாகைக்கு மேல் ஏறிய வெப்பநிலை, தெற்கு அதிவேகப் பாதையில் காற்று பட்டதும் 68க்கு இறங்கியதைப் பதிவு தெளிவாகக் காட்டியது. குளிரூட்டும் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தேர்மோஸ்டற் திறந்தபடியே சிக்கியிருந்தது. அதை மாற்றியபின் விளக்கு மீண்டும் எரியவில்லை. குறியீட்டை மட்டும் நம்பியிருந்தால் முதலில் வெப்ப உணரியைத்தான் மாற்றியிருப்பேன். பயணம் முழுவதற்குமான பதிவுதான் சரியான இடத்தைக் காட்டியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஈஎல்எம்327 கனடாவின் எல்ம் எலக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தின் சில்லு. அதன் முதற்பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பாதுகாப்பு இடப்படாததால் போலிகள் பெருகின. மூல நிறுவனமும் 2022இல் மூடப்பட்டுவிட்டது. என்னுடையது தன்னை 1.5 என்று சொல்கிறது. அப்படியொரு பதிப்பை அந்நிறுவனம் வெளியிட்டதேயில்லை. அடிப்படைத் தரவுகளை அது பிழையின்றித் தந்தாலும், சில உயர்நிலைக் கட்டளைகளுக்குக் கேள்விக்குறியையே திருப்பி அனுப்பியது. என் காரில் ஏபிஎஸ், எயார்பேக் பிரிவுகளையும் அதனால் வாசிக்க முடியவில்லை. அவை வேண்டுமென்றால் இந்த விலைக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்குவதாயின் மடிக்கணினியையும் காரையும் கடை வாசலுக்கே கொண்டுசென்று, உள்ளே எந்த யூஎஸ்பி சில்லு என்று கேட்டு, இணைத்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள். குறியீட்டை அழிப்பதற்கு முன், பழுது தோன்றிய கணத்தின் தரவையும் சேமித்துவிடுங்கள். அழித்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும். காரை நிறுத்தியதும் அடப்டரைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் சொக்கெட்டின் 16ஆம் முனைக்குச் சாவி இல்லாமலும் பற்றரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும்.