வீட்டுக்கே வரும் மெக்கானிக்கை நம்பினேன், 18,500 ரூபாய் போச்சு

காரின் இன்ஜெக்டரை (இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) சுத்தம் செய்ய, வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தேன். பெட்ரோல் கார், ஐடிலிங்கில் நடுங்கிக்கொண்டிருந்தது. வந்த தம்பி சீருடை, கையுறை எல்லாம் போட்டிருந்தார். செயலியில் அவருக்கு நல்ல மதிப்பெண் வேறு. பானெட்டைத் திறந்ததும் கேட்டேன்: "பெட்ரோல் லைன்ல பிரஷர் இருக்குமே தம்பி, இறக்கிட்டுத்தானே கழட்டுவீங்க?"

"வண்டிய ஆஃப் பண்ணாலே இறங்கிடும் சார். தினம் செய்ற வேலை."

அவ்வளவு உறுதியாகச் சொன்னார். நம்பினேன்.

இறங்காது! இன்ஜினை நிறுத்தினாலும் பம்ப்பில் இருக்கும் வால்வு, லைனில் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அடுத்த தடவை சட்டென்று ஸ்டார்ட் ஆகத்தான் அந்த ஏற்பாடு. சாதாரண எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) காரில் ஓடும்போது 3, 4 பார் (அழுத்த அலகு) வரை இருக்கும். அவர் குழாயை இழுத்ததும் பெட்ரோல் பீய்ச்சி அவர் முகத்திலேயே அடித்தது. பேட்டரி வயரைக்கூடக் கழற்றவில்லை. எங்கிருந்தோ பொறி பட்டுக் குப்பென்று பிடித்துக்கொண்டது. அடுக்ககக் காவலாளி அண்ணன் தீயணைப்பானோடு ஓடி வந்திருக்காவிட்டால் பக்கத்து வண்டிகளும் போயிருக்கும். தம்பியின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிய விஷயம்.

வயரிங், இன்ஜெக்டர் கனெக்டர்கள், குழாய்கள் எல்லாம் கருகின. வேறு பட்டறையில் 18,500 ரூபாய் கட்டினேன்.

செயலிக்காரர்களிடம் பேசினால் முதலில் "படம் அனுப்புங்க சார்." அனுப்பினேன். அப்புறம் "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம்." பிறகு "உங்க வயரிங் ஏற்கெனவே பழசு." கடைசியில், மெக்கானிக் தனி ஒப்பந்தக்காரராம், அவர்களுக்குச் சம்பந்தமே இல்லையாம். 18,500 ரூபாய்க்குப் பதிலாக அடுத்த சர்வீஸுக்கு 300 ரூபாய் கூப்பன் தருகிறார்கள்! அந்தப் பையனுக்கு ஒரு நாள் பயிற்சியாவது கொடுத்தார்களா என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார்கள்.

அழுத்தத்தை இறக்கும் சரியான முறையை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. சுருக்கமாக: இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்து, தானாக அணையும்வரை ஓட விடச் சொல்லுங்கள். இன்னொரு தடவை சில நொடி செல்ஃப் அடிக்கட்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். இணைப்பைத் துணி சுற்றி மெதுவாகத் தளர்த்த வேண்டும், மிச்சம் கொஞ்சம் வரத்தான் செய்யும். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். காமன் ரெயில் டீசலிலும் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய் உள்ளது), சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோலிலும் அழுத்தம் பல மடங்கு, தோலையே துளைத்துவிடும். அந்த வண்டிகளைத் தயாரிப்பாளர் சொன்ன முறை தெரிந்தவரிடம் மட்டும் விடுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். 18,500 ரூபாயில் ஒரு பைசாவையும் விடப்போவதில்லை.