பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில்: பொறுப்பை யார் கையில் கொடுப்பது?

பக்கவாதம் வந்தவரைக் கிராமத்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் எழும் முதல் கேள்வி, "பிசியோவுக்கு என்ன செய்வது?" என்பதுதான். வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்டு செய்யலாம். நகரத்துக்குக் கூட்டிப் போய் வரலாம். ஊரில் இருக்கும் சுகாதாரப் பணியாளரையும் போனையும் நம்பலாம்.

முதல் வழியைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளோடு நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017-இல் வெளியானது. பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்து வீட்டில் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து இறந்தவர்களையும் பிறர் உதவியை நம்பி இருந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு, 47 சதவீதம். கை காலை அசைப்பதே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. தேர்ந்தவர் செய்யும் வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டால் போதாது, அவ்வளவுதான். "அம்மா இன்னும் நடக்கவில்லையே, என் கவனிப்பில்தான் குறையோ" என்று தவிக்கும் மகள்களுக்கு இந்த முடிவை யாராவது சொல்ல வேண்டும்.

ஆனால் கூடவே இருப்பவரால் மட்டும் முடிகிற காரியங்கள் உண்டு. எழுப்பும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துவிடுகிறோம். தசையின் பிடிப்பு இல்லாத தோள்மூட்டு நழுவி, மாதக்கணக்கில் வலிக்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலும் அப்படித்தான். இடுப்பில் அகலமான பட்டை கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு, அவருடைய பலவீனமான முழங்காலுக்கு நம் முழங்காலை முட்டுக்கொடுத்து எழுப்ப வேண்டும். சாப்பாட்டின்போது நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததும் குரல் ஈரமாகக் கரகரத்தால், இருமல் வராவிட்டாலும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நகரத்துப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேர்ந்த கைக்கு ஈடு கிடையாது. முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பதால் அப்போது முடிந்தவரை போகலாம். ஆனால் வண்டியில் குலுங்கிக் களைத்து வருபவரால் பயிற்சி செய்ய முடியாது. துணைக்கு வருபவரின் அன்றைய வேலையும் போகும். வாரம் மூன்று நாள் என்று தொடங்கும் குடும்பங்கள் பாதியில் விட்டுவிடுவது சோம்பலால் அல்ல.

மூன்றாவது வழியை வெறும் சமாளிப்பு என்று நினைப்பவர்கள், 2021-இல் வெளியான ஓர் ஆய்வைப் பார்க்க வேண்டும். சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் 50 கிராமங்களில், பக்கவாதம் வந்து மீண்ட 1,299 பேர். பாதிக் கிராமங்களில் ஊர் மருத்துவர் மாதந்தோறும் பார்த்தார். மாத்திரையையும் நடமாட்டத்தையும் நினைவூட்டி தினமும் போனில் குரல்செய்தி வந்தது. ஒரு வருடத்தில் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் அங்கே 4.4 சதவீதம், மற்ற கிராமங்களில் 9.3 சதவீதம். ரத்த அழுத்தமும் கூடுதலாகக் குறைந்திருந்தது.

அதனால் என் தேர்வு மூன்றாவதுதான். ஆரம்பத்தில் நகரத்துக்குப் போய்ப் பயிற்சியை வகுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீடியோ காலில் திருத்திக்கொள்ளலாம். ஊர்ப் பணியாளர் வரும்போது பிபி பார்த்து, மீதி மாத்திரையை எண்ணி, படுக்கைப்புண் வருகிறதா என்று அறிய, குதிகாலிலும் முதுகின் அடியிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். கவனித்துக்கொள்பவரிடமும், "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்று கேட்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பவர் அவர்தான். வாரத்தில் இரண்டு இரவாவது அந்த வேலையை வீட்டில் இன்னொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.