கிராஷ் கார்டு தேர்வு: அடி எங்கே போய்ச் சேர்கிறது?

நெடும்பயணத்துக்கான மோட்டார் சைக்கிளுக்குக் கிராஷ் கார்டு என்னும் காப்புக் கம்பி வாங்குபவர், தம் வண்டி எந்த விதத்தில் விழக்கூடும் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 48இல் பள்ளிகொண்டாவைத் தாண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது நேரும் மோதலில் எந்தக் கம்பியும் பெரிதாக உதவாது. அங்கே தலைக்கவசமும் நிதானமும்தான் துணை. கம்பிக்கு உண்மையான வேலை வருவது மெதுவான வேகத்தில் நேரும் சாய்வுகளில்தான். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையில், வடகிழக்குப் பருவமழை அடித்து வந்த மணலும் சரளையும் வளைவின் உட்புறத்தில் படிந்து கிடக்கும். அறுவடைக் காலத்தில் கதிரடிப்பதற்காகச் சாலையிலேயே பரப்பிய கொள்ளுச் செடி சக்கரத்தை வழுக்கிவிடும். இரண்டு பக்கமும் பைகளை ஏற்றிய வண்டி, மண் தரையில் சைடு ஸ்டாண்டு புதைந்து தானாகவே சரிந்துவிடும். சவ்வாது மலைக்குச் செல்பவர்களுக்கு இவை மூன்றும் பழகிய காட்சிகள். ஆகவே இந்த ஒப்பீடு முழுவதும், ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள வண்டி, சுமையுடன், நடை வேகத்திலோ அதற்குச் சற்று மேலான வேகத்திலோ விழுவதை மனத்தில் கொண்டே எழுதப்பட்டது.

வேலூர்க்காரர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. வண்டி நிறுவனமே துணைப்பொருளாக விற்கும் கார்டு முதலாவது. எஸ்.டபிள்யூ.-மோட்டெக், ஹெப்கோ அண்ட் பெக்கர் போன்ற ஜெர்மானிய நிறுவனங்களும், இத்தாலியின் ஜிவியும், நம் நாட்டுத் தயாரிப்பாளர்கள் பலரும் குறிப்பிட்ட வண்டிக்கென்றே செய்து விற்கும் முழுக்கூண்டு இரண்டாவது. நம்மூர்ப் பட்டறையில் குழாயை வளைத்துப் பற்றவைத்து வாங்கிக்கொள்வது மூன்றாவது. வண்டியின் சட்டகமான சேஸியின் இருபுறமும் நைலான் உருளையைப் பொருத்தும் ஸ்லைடர் நான்காவது.

ஸ்லைடரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது பந்தயத் தளத்தின் வழவழப்பான தாரில் வண்டியைச் சறுக்கிக்கொண்டு போகவிடுவதற்காகப் பிறந்த பொருள். மண்ணிலும் புல்லிலும் அது சறுக்காமல் புதைந்துகொள்ளும். புதைந்தால் வண்டி புரளவும் வாய்ப்பு உண்டு. மலைப்பாதைக்குப் போகிறவர் அதைத் தவிர்ப்பது நல்லது.

மற்ற மூன்றையும் ஒப்பிடும்போது பெரும்பாலோர் கம்பியின் பளபளப்பையும் தடிமனையும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது அது வண்டியைப் பற்றியிருக்கும் இடங்களைத்தான். விழும்போது கம்பி வாங்கும் அடி அதோடு முடிந்துவிடுவதில்லை. பற்றியிருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. கம்பி எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, நெம்புகோல் போல அந்த அளவுக்கு அந்த இடத்தின் மீது முறுக்கு கூடுகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரே இடத்தில் மட்டும் மாட்டப்பட்ட கார்டு, அதனால்தான், எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நம்பத் தகாதது. ஒரு பக்கத்துக்கு மூன்று இடங்களில் பற்றியிருப்பதும், இடக் கம்பியையும் வலக் கம்பியையும் எஞ்சினுக்கு முன்புறம் ஒரு குறுக்குக் குழாய் இணைத்திருப்பதும் அடியைப் பிரித்துக் கொடுக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411இல் இருபுறமும் தனித்தனியாக நிற்கும் கனமான கார்டு ஒன்றை மாட்டியிருந்தேன். அமிர்தி சாலையில் சரளையில் திரும்பும்போது வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. வேகம் மிகக் குறைவு. எழுப்பி நிறுத்திப் பார்த்தபோது கம்பியில் சிராய்ப்பு மட்டுமே இருந்தது, மனம் நிம்மதியானது. வீடு திரும்பிக் கழற்றிய பிறகுதான், கார்டு பற்றியிருந்த சேஸித் தகடு வளைந்து, போல்ட் துளை நீள்வட்டமாகியிருந்தது தெரிந்தது. வளைய வேண்டிய கம்பி வளையவில்லை. வளையவே கூடாத சேஸி வளைந்துவிட்டது. கம்பியை மாற்றிவிடலாம், எண் பொறித்த சேஸியை அப்படி மாற்ற முடியாது.

2023 இறுதியில் வந்த ஹிமாலயன் 450இல் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அதில் எஞ்சினே சேஸியின் சுமை தாங்கும் உறுப்பாக இருப்பதால், எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஏற்கெனவே பெரும் பொறுப்பைச் சுமக்கின்றன. அவற்றைக் கழற்றி நீளமான போல்ட் போட்டுக் கார்டை மாட்டச் சொல்லும் வடிவமைப்பில், அந்தப் போல்ட் 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட வலிமைத் தரமுடையதா, கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கப்பட்டதா என்று கேட்டே ஆக வேண்டும். அலுமினிய எஞ்சின் உறையில் நேராகத் திருகும் கார்டாக இருந்தால் நான் வாங்க மாட்டேன். அடி விழும்போது மரை பிய்ந்து உறையே விரியக்கூடும். இந்த ஒரு விஷயத்தில் நிறுவனத்தின் கார்டு முந்தி நிற்கிறது, ஏனெனில் எந்த இடம் எவ்வளவு தாங்கும் என்பது சேஸியை வரைந்தவர்களுக்குத் தெரியும். அதன் குறை, பெரும்பாலும் கீழ்ப்பகுதியை மட்டும் காப்பதுதான்; டேங்கின் பக்கவாட்டையும் ரேடியேட்டரின் மேல்பகுதியையும் காக்க முழுக்கூண்டுதான் வேண்டும்.

அடுத்தது குழாய். கடைக்காரர் "கனமான குழாய்" என்று சொன்னால் அது விட்டத்தைக் குறிக்கிறதா, சுவர்த் தடிப்பைக் குறிக்கிறதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். 22 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். அதே சுவரோடு விட்டத்தை ஓர் அங்குலமாக, அதாவது 25.4 மில்லிமீட்டராகக் கூட்டினால், எடை 17 விழுக்காடு கூடும், வளைவை எதிர்க்கும் விறைப்போ 60 விழுக்காடு கூடும். மாறாக, 22 மில்லிமீட்டர் குழாயின் சுவரை 2.5 மில்லிமீட்டராக்கினால் எடை 22 விழுக்காடு கூடியும் விறைப்பு 17 விழுக்காடுதான் உயர்கிறது. கூடுதலாகச் சுமக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் விட்டமே அதிகப் பலன் தருகிறது என்பதால், மெல்லிய குழாயில் தடித்த சுவர் என்னும் பேச்சில் மயங்க வேண்டாம்.

எஸ்.எஸ். என்னும் துருப்பிடிக்காத எஃகு வேண்டுமா, எம்.எஸ். என்னும் சாதாரண எஃகு போதுமா என்பது இங்கே அதிகம் கேட்கப்படும் கேள்வி. கடலோரத்தில் இருப்பவருக்கு 304 தர எஸ்.எஸ். தரும் பயன் பெரிது. உப்புக்காற்று இரும்பை விடாமல் அரிக்கும். நம்முடைய வடாற்காடு வறண்ட உள்நாடு. பவுடர் கோட்டிங் உரிந்த இடத்தை மட்டும் அவ்வப்போது தேய்த்துப் பெயின்ட் அடித்துக்கொண்டால் எம்.எஸ். கம்பி பல மழைக்காலங்களைத் தாண்டும். மென்பதத்தில் உள்ள 304இன் நெகிழ்வு வரம்பு, அதாவது அது நிலையாக வளையத் தொடங்கும் அளவு, சாதாரணக் கட்டுமான எஃகைவிடச் சற்றுக் குறைவு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். துருப்பிடிக்காதது என்பதாலேயே அது வலுவானது ஆகிவிடாது. மேலும், 304 என்று சொல்லி மலிவான 202ஐத் தருவது உண்டு. காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டுமே காந்தத்தை ஏறக்குறைய ஈர்க்காதவை, 304ஆக இருந்தாலும் வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். 202இல் கூடுதலாக உள்ள மாங்கனீசைக் காட்டிக்கொடுக்கும் இரசாயனச் சொட்டுச் சோதனைதான் அங்கே பயன்படும்.

பட்டறைக் கம்பியை நான் இழிவாகப் பேசமாட்டேன். வேலூர், ராணிப்பேட்டைப் பட்டறைகளில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வழியில் வளைந்த கார்டை ஒரே பிற்பகலில் அறுத்துப் பற்றவைத்து மீண்டும் புறப்படச் செய்வதும் அவர்கள்தான். ஆனால் புதிதாகச் செய்யும்போது மூன்று நிபந்தனைகள் வேண்டும்: தண்ணீருக்கான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) குழாய் கூடாது, நெருப்பில் காய்ச்சி நசுங்க வளைக்காமல் ஹைட்ராலிக் இயந்திரத்தில் வளைக்க வேண்டும், எஸ்.எஸ். என்றால் ஆர்கான் வெல்டிங்கே செய்ய வேண்டும். பற்றும் துளைகள் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும், இழுத்துப் பிடித்து மாட்டிய கம்பி ஓடும்போதெல்லாம் சேஸியை இழுத்துக்கொண்டே இருக்கும். வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்தி, அதன் மீதே அளவெடுத்துச் செய்ய முடியாதென்றால் இந்த வழியை விட்டுவிடலாம்.

வாங்கும் முன் வண்டியில் வைத்துப் பார்க்க வேண்டியவை சில. ஆயில் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் கார்டைக் கழற்றாமல் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். வேலூர்க் கத்திரி வெயிலில் ரேடியேட்டருக்கு முன் அகலத் தகடு வைத்த கார்டு வேண்டாம். வெறும் குழாய் காற்றை மறைக்காது. டயரின் ஓரத்திலிருந்து, கால் வைக்கும் ஃபுட் பெக்கின் நுனிக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், கார்டு அந்த நூலுக்கு உட்புறமே நிற்க வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் ஆளும் சுமையுமாகச் சாயும்போது முதலில் தரையைத் தொட வேண்டியது மடங்கும் ஃபுட் பெக், மடங்காத கம்பி அல்ல. கூடுதல் விளக்கை வெளிவிளிம்பில் மாட்டினால் முதல் அடி விளக்குக்குத்தான். ஹேண்டில்பாரின் அகலத்தைத் தாண்டிய கம்பி, பாதசாரிக்கு ஆபத்து. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதற்கு வரம்பு கட்டுவதால், நிறுவனத்தின் கார்டு இங்கேயும் தலைவலி குறைந்தது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, வேலூரிலிருந்து மலைகளுக்கும் மாதம் ஒரு நெடும்பயணத்துக்கும் போகிறவருக்கு நான் சொல்வது, ஓர் அங்குல எம்.எஸ். குழாயில், குறுக்கு இணைப்போடு, பக்கத்துக்கு மூன்று பற்றிடங்களுள்ள முழுக்கூண்டு. ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் மட்டுமே ஓட்டுகிறவருக்கு நிறுவனத்தின் கீழ்க்கார்டே போதும். எதை மாட்டினாலும் முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடியும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். ஒருமுறை விழுந்துவிட்டால், கம்பி நேராகவே தெரிந்தாலும் அதைக் கழற்றிச் சேஸித் துளைகளைப் பார்த்த பிறகே மீண்டும் மாட்டுங்கள்.