கையெழுத்து வாங்கிய ஆவணமா, மேஸ்திரியின் நோட்டுப் பக்கமா?

வேலூரில் நாங்கள் நான்கு பேர். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றுக்குச் சரக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதியபோது, அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்க இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டோம். எனக்கு நோட்டுப் பக்கம்தான் பிடித்திருக்கிறது.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. தேவைகளை முழுதாக எழுதி, கையெழுத்து வாங்கி, அப்புறம் கோடிங். தேவை ஆவணம் எழுதுவதற்கான ஐஇஇஇ 830 என்ற தரமுறையின் 1998 பதிப்பின்படி எழுதினோம்; 2011-இல் அதன் இடத்துக்கு 29148 என்ற தரமுறை வந்துவிட்டது. பணம் கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்கும். அது உண்மையான பலம்.

ஆனால் அதில் "ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பு சதுர அடியில் தெரிய வேண்டும்" என்று ஒரு வரி. ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். திரையைப் பார்த்த மேஸ்திரி கேட்டார்: "தம்பி, ஆட்டுத்தோலை எண்ணித்தானே இறக்குறோம், அடி எங்கேர்ந்து வந்துச்சு?" உப்புத்தோலுக்கு உருப்படிக் கணக்கு. பதனிட்டு, காய்ந்து, அளவு மெஷினில் போன பிறகுதான் சதுர அடி. காயும்போது சுருங்கும், இழுத்துக் கட்டினால் விரியும். தரம் பிரித்தால் ஒரு லாட், அதாவது ஒன்றாக இறங்கிய தோல் தொகுதி, நாலாகிவிடும். கையெழுத்துப் போட்டவர் குடோனில் நிற்பவர் அல்ல, கோளாறு அங்கேதான்.

இரண்டாவது வழியில் அவர் நோட்டிலிருந்தே ஒரு லாட்டை எடுத்தோம். 200 தோல் இறங்கியது, 4 கழிவு, மீதி 196, அளந்தபோது 980 அடி. இந்த எண்களையே தானியங்கிச் சோதனையாக எழுதிவிட்டோம்; சாஃப்ட்வேர் இதே விடையைத் தருகிறதா என்று அது தானே ஓடிப் பார்க்கும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். ஃபோனில் மாற்றம் சொல்வார்கள், புரோகிராம் மாறும், ஆவணம் அப்படியே கிடக்கும். மூன்றாம் மாதம் அதை நம்பி யாரும் எதையும் செய்ய முடியவில்லை. நோட்டுக் கணக்கு அப்படிப் பழசாவதில்லை. தரவாரியான அடிகளை முழு எண்ணாக்கும் விதத்தை ஒருநாள் மாற்றினோம். மொத்தம் 979 என்று வந்து, அன்று மாலையே சோதனை சிவப்பாகி, தவறு என்று காட்டிவிட்டது. ஆவணம் மட்டும் இருந்திருந்தால் அந்த ஒரு அடி டேனரி பில்லில்தான் தெரிந்திருக்கும்.

வேகம், பேக்கப், யார் எதைப் பார்க்கலாம் என்பதெல்லாம் இப்படி எடுத்துக்காட்டில் அடங்காது. அதற்கு இன்னும் இரண்டு பக்க ஆவணம் வைத்திருக்கிறோம். அரசு டெண்டர் வேலை நாங்கள் செய்ததில்லை. அங்கே முதல் வழி இல்லாமல் முடியாமலும் போகலாம். இன்னொன்று, மேஸ்திரியின் நேரம் வேண்டும். எங்களுக்கு வியாழன் மதியம், லாரி வராத வேளையில், அரை மணி கிடைத்தது.