பென்சிலோடு பன்னிரண்டு ஆண்டுகள்: ஒரு கூட்டுவினை அகராதியின் பயன்பாட்டு அனுபவம்

"ஹீ வாஸ் புட் அவுட் பை ஹெர் ரிமார்க்" என்ற வரியை "அவளுடைய பேச்சால் அவர் வெளியேற்றப்பட்டார்" என்று மொழிபெயர்த்துக் கொடுத்தவன் நான். உண்மையில் அந்த மனிதர் எங்கும் போகவில்லை. மனம் கோணிப்போய் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அடுத்த பத்தியிலேயே அவர் தேநீர் ஊற்றுகிறார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கைப்பிரதி திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: "வெளியே போனவர் எப்போது திரும்பினார்?" அந்த வாரமே திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில், பழைய புத்தகக் குவியலிலிருந்து இந்த அகராதியை எடுத்து வந்தேன்.

1989இல் வெளியான காலின்ஸ் கோபில்ட் வரிசையின் ஃபிரேசல் வெர்ப் அகராதி இது. ஃபிரேசல் வெர்ப் என்றால் 'புட் அவுட்' போல, ஒரு வினையும் 'அவுட்' போன்ற சிறுசொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தரும் கூட்டுவினை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில் நடந்த அகராதித் திட்டத்தில் பிறந்தது. அச்சில் வந்த, மக்கள் பேசிய ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டி, அதிலிருந்து சொற்களின் போக்கைக் கண்டெடுத்தார்கள். பொருளையும் ஒற்றைச் சொல்லில் தராமல் முழு வாக்கியமாக, இன்னார் இன்னதை இப்படிச் செய்தால் அதற்கு இது பொருள் என்று விளக்குவார்கள். மொழிபெயர்ப்பவனுக்கு இதுதான் வேண்டும். எழுவாய் மனிதனா பொருளா, செயப்படுபொருள் எங்கே உட்காரும் என்பதெல்லாம் விளக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

முதல் ஆண்டு இதைத் தவறாகத்தான் பயன்படுத்தினேன். வினையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவேன். 'கெட்' என்று திறந்தால் பக்கம் பக்கமாக நீளும். மனப்பாடம் செய்ய முயன்று மூன்று வாரத்தில் கைவிட்டேன். பிறகுதான், நூலின் கடைசியில் அப், ஆஃப், அவுட், ஆன் போன்ற சிறுசொற்களுக்கென்றே தனி அட்டவணை இருப்பதைக் கவனித்தேன். ஒவ்வொரு சிறுசொல்லும் என்னென்ன பொருளைக் கொண்டுவருகிறது, எந்தெந்த வினைகளோடு வருகிறது என்று அங்கே தொகுத்திருக்கிறார்கள். புத்தகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பின்னாலிருந்து படிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் தமிழாகவே தெரிய ஆரம்பித்தது.

எப்படி என்றால், 'ஈட்' என்றால் தின்பது. 'ஈட் அப்' என்றால் தின்று தீர்ப்பது. 'யூஸ் அப்', 'ட்ரிங்க் அப்' எல்லாவற்றிலும் இந்த 'அப்' மேலே எதையும் ஏற்றவில்லை, வேலையை முடித்துவைக்கிறது. நம்முடைய 'விடு', 'தீர்' என்ற துணைவினைகள் செய்கிற வேலை அது. 'ரீட் ஆன்' என்றால் படித்துக்கொண்டே போ. அங்கே 'ஆன்' செய்வதை இங்கே 'கொண்டே போ' செய்கிறது. இதைக் கண்ட அன்று அட்டவணையின் ஓரத்தில் பென்சிலால் தமிழ்த் துணைவினைகளை எழுதத் தொடங்கினேன். இன்று அந்தப் பக்கங்களில் அச்சைவிடப் பென்சில்தான் அதிகம்.

எல்லாம் இப்படி ஒழுங்காகப் பொருந்தவில்லை. 'கோ ஆஃப்' இன்னும் என்னைப் படுத்துகிறது. விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அணைகிறது. கடிகார அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் அலறத் தொடங்குகிறது. பால் 'கோ ஆஃப்' ஆனால் கெட்டுப்போகிறது. ஆங்கிலேயர்களைக் குறை சொல்ல வாய் திறந்தேன். மின்சாரம் போய்விட்டது, பால் கெட்டுப்போய்விட்டது, பையன் பெரியவனாகிப் போய்விட்டான் என்று நம் 'போ'வும் ஊரெல்லாம் சுற்றுவது நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டேன்.

வெளியாருக்கு இது கடினம் என்பது புதிய செய்தியும் அல்ல. வினைக்குப் பின்னால் சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம் அயல்நாட்டாருக்குப் பெரும் இடர் தருவது என்று சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டிலேயே தம் அகராதியின் முன்னுரையில் எழுதிவிட்டார். மனத்துக்கு ஓர் ஆறுதல்.

அகராதி கற்றுத் தந்த இன்னொன்று, சிறுசொல் யாரோடு சேர்ந்தது என்று பார்ப்பது. 'ரன் அப் எ ஹில்' என்பதில் 'அப்' குன்றோடு சேர்ந்தது, குன்றின் மேல் ஓடுகிறான். 'ரன் அப் எ பில்' என்பதில் அது வினையோடு ஒட்டிக்கொண்டது, கடனை ஏற்றிக்கொள்கிறான். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: 'இட்' என்ற பிரதிப்பெயரைப் போட்டுப் பாருங்கள். விளக்கை 'டர்ன் இட் ஆஃப்' என்றுதான் சொல்ல வேண்டும், 'டர்ன் ஆஃப் இட்' என்றால் தவறு. குழந்தையை 'லுக் ஆஃப்டர் இட்' என்றுதான் சொல்ல முடியும், நடுவில் நுழைக்க முடியாது. வினையையும் சிறுசொல்லையும் பிரித்து நடுவில் ஒன்றைச் செருகுவது முதலில் விநோதமாக இருந்தது. ஆனால் 'வந்தும் விட்டான்', 'போயே விட்டான்' என்று நாமும் வினைக்கும் துணைவினைக்கும் நடுவில் உம்மையையும் ஏகாரத்தையும் செருகிக்கொண்டுதானே இருக்கிறோம்.

போன ஆண்டு அண்ணன் மகள் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் கேட்டாள்: "சித்தப்பா, 'கோப் வித்' சரியா, 'கோப் அப் வித்' சரியா?"

"சமாளிப்பது என்ற பொருளில்தானே? 'அப்' வேண்டாம் அம்மா."

"எங்கள் வகுப்பில் எல்லோரும் 'அப்' போட்டுத்தானே சொல்கிறார்கள்?"

அவள் சொன்னது உண்மை. 'புட் அப் வித்', 'கீப் அப் வித்', 'கேட்ச் அப் வித்' என்று மூன்று பேர் வரிசையில் நின்றால் நான்காமவருக்கும் அதே சட்டையை மாட்டிவிடுகிறோம். 'டிஸ்கஸ் அபவுட்' வேறு வகைப் பிழை, 'டிஸ்கஸ்' மட்டும் போதும். அங்கே குற்றவாளி நம் வீட்டிலேயே இருக்கிறது: 'பற்றி விவாதித்தோம்' என்பதிலுள்ள 'பற்றி' கூடவே வந்துவிடுகிறது. அலுவலகங்களில் கோப்பை 'புட் அப்' செய்வதை மட்டும் நான் திருத்தப் போவதில்லை. மேலதிகாரியின் பார்வைக்கு வைப்பது என்ற பொருளில் அது நம் அரசு அலுவலகங்களில் வேரூன்றிவிட்டது.

குறை என்றால், இணையம் வீடுதோறும் வருமுன் அச்சான நூல் இது. திரையைத் தொட்டு இழுக்கும் காலத்துச் சேர்க்கைகளுக்குக் கைப்பேசியைத்தான் எடுக்கிறேன். எழுத்து பொடி, எனக்கு ஐம்பது கடந்த பிறகு அது தனிக் குறையாகிவிட்டது. கைப்பேசி இருக்க இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: எதைத் தேடுவது என்று தெரிந்தவருக்குத்தான் கைப்பேசி உதவும். 'டாக் இன்டு' என்றால் பேசி இணங்கவைப்பது. 'டாக்' ஒரு முனையிலும் 'இன்டு' எட்டுச் சொல் தள்ளி மறுமுனையிலும் கிடக்கும் வாக்கியத்தில், இரண்டும் ஒரே வினையின் உறுப்புகள் என்று கண்ணுக்குப் படவே இந்த அட்டவணையோடு பல நாள் பழக வேண்டியிருந்தது.

பென்சிலுக்கு நெடுநாள் பிடிபடாத ஒரு துணைவினை இருந்தது. 'சொல்லித் தொலை' என்பதிலுள்ள 'தொலை'. அந்த எரிச்சலைச் சுமக்க ஆங்கிலத்தில் எந்தச் சிறுசொல்லும் அகப்படவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாடகப் பிரதியில் தாய் மகனை அதட்டும் இடத்தில் கண்டேன்: 'அவுட் வித் இட்!' அதேதான். ஆனால் வினையே இல்லாத தொடரை வினை வரிசையில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? பின்னட்டையின் உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.